‘கட்டுப்பாட்டை இழந்த லாரி’ என்று எழுதுகிறீர்களே...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேப்பரைத் தினமும் காலையில் டீக்கடையில் வைத்துத்தான் படிக்கிறேன், அதிலும் முதலில் தேடுவது விபத்துச் செய்தியை. எந்த ஊர் வண்டி, என்ன லோடு, டிரைவருக்கு என்ன ஆச்சு என்று பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தச் செய்திகளில் ‘ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த லாரி’ என்று ஒரு வரி தவறாமல் வரும். நான் லாரி மாதிரி பெரிய வண்டிக்கான ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத புது டிரைவர். அந்தக் கட்டுப்பாடு எங்கே வைத்துக் கைவிட்டுப் போகிறது என்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், மலை இறங்கிய கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஹெவி எடுப்பதற்கு முன்னால் மூணு வருஷம் களக்காடு, ஏர்வாடிப் பக்கமிருந்து டாடா ஏஸில் வாழைத்தார் ஏற்றி நெல்லைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹெவி எடுக்கச் சட்டப்படி 20 வயசு ஆகியிருக்க வேண்டும், சின்ன வண்டி லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், எனக்கு இரண்டும் சரியாக இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் ஒரு காலி லாரியில் மைதானத்தைச் சுற்றினேன், ரிவர்ஸ் எடுத்தேன், சர்டிஃபிகேட் வாங்கினேன், அவ்வளவுதான். 2021-ல் வந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமென்றால் ஹெவிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், நல்ல விஷயம், ஆனால் என்னைப் போல ஆட்கள் பெரும்பாலும் படிப்பது பக்கத்துத் தெரு ஸ்கூலில்தான். பாரம் ஏற்றின வண்டி எப்படி நிற்கும், எப்படி நிற்காது என்பது லைசென்ஸ் வாங்கின பிறகுதான் தெரிய ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க முதலாளி ஒரு சீனியர் டிரைவரோடு நம்மை ஏற்றிவிடுவார். ‘ரெண்டு மாசம் அண்ணாச்சிகூடப் போ, வண்டி பழகிட்டு வா’ என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள்.

அண்ணாச்சி மோசமான டிரைவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் வண்டி திரும்ப இடமே இருக்காது, வரப்பு சறுக்கினால் சகதிதான், அதில் பத்துச் சக்கர வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுத்துவிடுவார். ‘முன்னால பாக்காதல, கண்ணாடில பின் டயரப் பாரு, அது எங்க போகுதோ அங்கதான் வண்டி போகும்’ என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ரிவர்ஸ் பிடிபட்டது. ஆனி ஆடிக் காற்றில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காலி வண்டியோடு போகும்போது, பக்கத்தில் மறைத்துக்கொண்டு வந்த பஸ் விலகின அந்த நொடியில் காற்று வண்டியைத் தள்ளும், அதற்கு ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். சாப்பாட்டுக் கடையில் என்னைக் காசு எடுக்க விடமாட்டார்.

ஆனால் காலையில் வண்டியைச் சுற்றிப் பார்க்கவே மாட்டார்.

எங்கள் லாரி செட்டில், அதாவது கம்பெனியில், ஒரு நோட்டு உண்டு. டயர், ஆயில், தண்ணீர், லைட், ஏர், பிரேக் என்று வரிசையாக இருக்கும், பார்த்துப் பார்த்து டிக் போட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவர் சீட்டை விட்டு இறங்காமலே ‘எல்லாத்துக்கும் போட்டுருல’ என்பார். கையெழுத்து என்னுடையது. பதினைந்து நாள் நானும் போட்டேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வண்டிக்கு அடியில் போய், பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கிற ஏர் டேங்கைத் திறந்துவிடுகிற வளையத்தை இழுத்தேன். வெறும் காற்று வரும் என்றுதான் நினைத்தேன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் ஒரு தம்ளர் அளவுக்குக் கொட்டியது, சட்டைக் கையெல்லாம் தெறித்தது. காற்றில் இருக்கிற ஈரம் டேங்கில் தங்கும், அதை அப்பப்போ இறக்கிவிடாவிட்டால் வால்வு துருப்பிடிக்கும், அப்புறம் பிரேக் ஒரு சக்கரத்தில் பிடிக்கும் இன்னொன்றில் பிடிக்காது. அதிலும் எங்கள் வண்டி உப்பு அடிக்கிற வண்டி, மூட்டையிலிருந்து வடிகிற தண்ணீரில் சேசிஸே பொரிந்துபோய் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியைத்தான் பார்க்காமலே டிக் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

இப்போது மலைக் கதை. தூத்துக்குடியில் உப்பு ஏற்றி நெல்லை, ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை என்று புளியரை வந்து சேரும்போது ராத்திரி இரண்டு மணி. அன்றைக்குக் காலையிலிருந்து அளத்தில் லோடுக்காகக் காத்துக் கிடந்தோம், அந்த நேரத்தையெல்லாம் எங்கள் செட்டில் வேலை நேரமாகக் கணக்கில் எடுப்பதில்லை, 1961-ல் போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளைக்கு 8 மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தும். ஓட்டினது நான். எஸ் வளைவை இரண்டாவது கியரில் ஏற்றினேன், அண்ணாச்சி வாயே திறக்கவில்லை, அதுவே பெரிய பாராட்டு. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவும் கடந்து தென்மலைப் பக்கம் இறக்கம் வந்ததும் மூன்றாவது கியரில் போட்டு, இன்ஜின் புகையை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுக்கொண்டேன்.

‘ஏன்ல இன்ஜினை இப்படி அலற விடுத? நியூட்டர்ல போடு, சும்மா உருண்டு போகும், டீசல் மிச்சம்.’

‘பயமா இருக்கு அண்ணாச்சி.’

அவர் அதற்கு மேல் பேசவில்லை. இடது பக்கத்திலிருந்து கையை நீட்டி, நான் கிளட்சை மிதிப்பதற்குள் லிவரை ஒரு தட்டுத் தட்டி வெளியே எடுத்துவிட்டார். இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கியது. வண்டியும் லோடும் சேர்த்து மொத்தம் 28.5 டன் வரைக்கும் அனுமதி உள்ள வண்டி, அதைக் கூட்டித்தான் ஏற்றியிருந்தார்கள் என்பது வேறு விஷயம், அந்தப் பாரம் முழுக்க இப்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஏர் மீட்டர் முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. கியரில் இருந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும், இன்ஜினோடு கம்ப்ரஸரும் வேகமாகச் சுற்றிக் காற்றை ரொப்பும். நியூட்டரில் இன்ஜின் ஐடிலில் கிடக்கும், நாம் செலவழிக்கிற வேகத்துக்கு அது காற்றைக் கொடுக்காது, எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. முள் இறங்குவதும், காற்று குறைந்துவிட்டது என்று பஸ்ஸர் அடிக்க ஆரம்பிப்பதும், பிரேக் லைனர் கருகுகிற நாற்றமும்தான் தெரிந்தது. திரும்பக் கியர் போடப் பார்த்தால் கரகரவென்று கத்துகிறதே தவிர விழவில்லை.

அப்போது அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. ‘கிளட்சை விடு. ஒரு ரேஸ் கொடு. திரும்ப மிதி. நாலுல போடு, மூணு விழாது.’ சொன்ன மாதிரியே செய்தேன், நாலில் விழுந்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. கழுதுருட்டி பதின்மூணு கண் பாலத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்தும்போது பின் டிரம் எல்லாவற்றிலும் புகை. எனக்குக் கால் நடுங்கிக் கீழே இறங்க முடியவில்லை. அவர் இறங்கிப் போய் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, ‘பாத்தியா, இப்படித்தாம்ல பழகணும்’ என்றார்.

ஆசிரியர் அவர்களே, நான் அதிர்ந்துபோனது அந்த வார்த்தையில்தான். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றினது அவருடைய கைவித்தை, அதில் சந்தேகமே இல்லை. அந்த வித்தைக்கு வேலை வைத்ததும் அவர் கைதான். அவருக்கு அது இரண்டாகத் தெரியவில்லை, இருபத்தைந்து வருஷமாக இப்படி மாட்டிக்கொள்வதும் தப்பிப்பதும் சேர்ந்ததுதான் அவருக்கு அனுபவம்.

திரும்பி வந்து தெரிந்த மெக்கானிக் ஒருத்தரிடம் கேட்டேன், சிரித்தார். இப்போது வருகிற வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும், நியூட்டரில் போட்டால்தான் இன்ஜினை ஓட வைக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும் என்றார். அதாவது இத்தனை நாள் உயிரைப் பணயம் வைத்து இறங்கினதில் டீசலும் மிச்சமில்லை! இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். ‘மெக்கானிக் என்னைக்குல லோடு அடிச்சான்’ என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

அவரைச் சொல்லியும் என்ன. எங்கள் செட்டில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு, அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் அந்தக் காசு டிரைவருக்கு. டிரிப்புக்குத்தான் பேட்டா, சீக்கிரம் போய் வந்தால் மாதத்தில் ஒரு டிரிப் கூடும். எனக்குப் பழக்கித் தருவதற்கென்று அவருக்கு ஒத்தை ரூபாய் கிடையாது, நான் மெதுவாக ஓட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் அவர் பையிலிருந்துதான் போகிறது. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி வைத்திருக்கிற மனுஷன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாரா?

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வழியில் வண்டி நின்றால் பின்னால் ரிஃப்ளெக்டர் முக்கோணம் வைக்க வேண்டும், வண்டியில் அது இருக்கிறது, பாலித்தீன் கவர்கூடப் பிரிக்கவில்லை. இவர் நாலு கல்லைப் பொறுக்கி ரோட்டில் வைப்பார், மேலே ஒரு வேப்பங்கொப்பு. வேலை முடிந்ததும் கல்லை எடுக்காமலே ‘ஏறு’ என்பார். பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு ராத்திரியில் அந்தக் கல் எப்படித் தெரியும்? நாங்குநேரி டோல் பக்கம் ஒரு தடவை நான் ஓடிப்போய் எடுத்துவிட்டு வருவதற்குள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்.

சமாளித்தது எப்படி என்று கேட்டால், என் பயத்தை வைத்துத்தான். பெரியவரிடம் ‘நீங்க செய்யது தப்பு’ என்று சொன்னால் அத்தோடு முடிந்தது, டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் ‘அண்ணாச்சி, நான் பச்சைப் பிள்ளை, எனக்குக் கை வரலை, கியர்லயே இறக்குதேன்’ என்று கெஞ்சுகிற மாதிரியே சொல்வேன். திட்டுவார், கேலி செய்வார், ஆனால் விட்டுவிடுவார். வண்டியை அரைமணி நேரம் முன்னால் எழுந்து நானே சுற்றிப் பார்த்துவிடுவேன், அவர் எழுந்து வரும்போது டயரைத் தட்டிப் பார்க்கிற ராடு கையில் இருக்காது. முதலாளி ஃபோன் வந்தால், ‘எடுல’ என்பார், ‘நீங்களே பேசுங்க அண்ணாச்சி, உங்ககிட்டதான் பேசுவாங்க’ என்று நீட்டிவிடுவேன். ஓட்டும்போது செல்போன் பேசினாலும் அதிக பாரம் ஏற்றினாலும் லைசென்ஸை 3 மாதம் முடக்கிவைக்கிறார்கள், முடக்கினால் அது சீட்டில் இருக்கிறவனின் லைசென்ஸ்தான், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவருடையது இல்லை.

பாரத்துக்கு மட்டும் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூடுதல் பாரத்துக்குச் சட்டத்தில் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 என்று இருக்கிறது, அது முதலாளி முடிவு செய்கிற விஷயம், எங்கள் இரண்டு பேர் கையிலும் இல்லை.

கடைசியில் நோட்டு விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது. ஒருநாள் விடியக்காலை அவசரமாகக் கிளம்பச் சொன்னார், நான் பிரேக் வரிசையில் டிக் போடாமல் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சண்டை கிண்டை போடவில்லை, நடந்ததை எழுதினேன். ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ‘அவர் மேல இதுவரைக்கும் ஒரு கேஸ் உண்டா? நேத்து வந்தவன் நீ’ என்றார் மேனேஜர். அடுத்த டிரிப்பிலிருந்து என்னை இறக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து வேறு வண்டியில் ஏற்றினார்கள். அந்த வார பேட்டா போனது போனதுதான்.

முதலாளிமார்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புதுப் பையனைப் பழக்கித் தர ஒரு ஆளோடு அனுப்புகிற நாட்களுக்காவது அந்த ஆளுக்கு டிரிப் கணக்கையும் டீசல் கணக்கையும் நிறுத்திவிட்டு நாள் சம்பளம் கொடுங்கள், பழக்குகிறதுக்கென்று மேலே ஏதாவது சேர்த்துக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஆகிற அந்தச் செலவு ஒரு செட் லைனரும் டிரம்மும் மாற்றுகிற செலவுக்குப் பக்கத்தில்கூட வராது என்று நான் நினைக்கிறேன், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் பழகுகிறவன் கையெழுத்தோடு பழக்குகிறவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

போன வாரம் அண்ணாச்சி வண்டியைச் செங்கோட்டையில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். நன்றாகத்தான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார், காசை அவரே கொடுத்தார். டிரைவர் சீட்டில் புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், அம்பாசமுத்திரம் பக்கமாம், என்னைவிடச் சின்னவன். அண்ணாச்சி கை கழுவப் போன நேரத்தில் அவனைக் கீழே கூப்பிட்டு ஏர் டேங்க் வளையம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினேன். வேறு எதுவும் சொல்ல நேரமில்லை.

கடிதத்தைப் போட்டால் என் பெயரையும் ஊரையும் போட்டுவிடாதீர்கள், இன்னும் அதே செட்டில்தான் வேலை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு புது டிரைவர்,
திருநெல்வேலி மாவட்டம்.