கரைக்குத் தார் வேண்டாம், இரண்டு கல் போதும்: நீர்வளத்துறைக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவின் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும், மதகுக்கு மதகு நடந்து தண்ணீரைத் திறந்து மூடுகிற ஊழியர்களான லஸ்கர்களுக்கும்,

வணக்கம்.

நான் மயிலாடுதுறைக்காரன். வயது 56. ஊர் சுற்றுவதென்றால் எனக்கு இன்றும் சைக்கிள்தான். சைக்கிள் சுற்றுலாவுக்கு வழி கேட்பவன் சுற்றுலாத் துறைக்கல்லவா எழுத வேண்டும், நம்மிடம் ஏன் வந்தான் என்று நினைப்பீர்கள். நான் கேட்கிற வழி ஏற்கெனவே இருக்கிறது, அது உங்கள் கையில் இருக்கிறது. ஆற்றின் கரையைத்தான் சொல்கிறேன்.

கும்பகோணம் சாலையில் நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு பேருந்து என்னை உரசாமல் உரசிக்கொண்டு போனது. முதலில் காது கிழிய ஏர் ஹாரன், அப்புறம் காற்று, அப்புறம் நான் பள்ளத்தில். ஹேண்டில்பார் கோணிவிட்டது, முழங்கை தோல் உரிந்தது, வேறொன்றுமில்லை. டீக்கடைக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டு, "இந்த ரோட்டுல எதுக்கு சார் சைக்கிள்? அப்படியே இறங்கி கரையில போயிடுங்க" என்றார். அவ்வளவு எளிதான யோசனை அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஹேண்டிலை முழங்காலுக்கிடையில் இறுக்கி நிமிர்த்திக்கொண்டு காவிரிக் கரையில் ஏறினேன். அன்றிலிருந்து முடிந்தவரை கரைதான்.

நம் டெல்டாவின் அமைப்பே சைக்கிளுக்காகச் செய்தது போல இருக்கிறது. கல்லணை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரை அந்த 60 மீட்டரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, கண்ணுக்கே தெரியாமல் இறங்குகிறது. தண்ணீருக்குத் தெரியும், பெடல் மிதிக்கிற காலுக்கும் கொஞ்சம் தெரியும். மேடு வேண்டுமென்கிற இளவட்டங்கள் துறையூர் தாண்டிப் பச்சைமலைக்கோ, வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும் கொல்லிமலைக்கோ போகட்டும். எங்களுக்கு மலையென்றால் சுவாமிமலை. 60 படி ஏறினால் முருகன், இறங்கினால் மறுபடி சமவெளி.

காற்றும் கணக்காகத்தான் வீசுகிறது. ஆடியில் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மாலையில் கடற்காற்று எழுந்தால் திரும்பி வருகிறவனுக்கும் கொஞ்சம் தயவு காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வெளியே வரக்கூடாது. அப்போது கரை முழுக்கச் சேறு. உங்களுக்கும் தூக்கம் இருக்காது.

ஒருமுறை தண்ணீரோடு போனேன். மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12இல் திறந்த வருடம் அது. கல்லணையில் பூவும் நெல்லும் தூவித் தண்ணீர் விடுவதைப் பார்த்துவிட்டு, அது காவிரியில் இறங்கியதும் கரையோடு கிளம்பினேன். திருவையாறு வரை தண்ணீரும் நானும் கூடவே போனோம். உண்மையில் நான்தான் அடிக்கடி நின்று அதற்காகக் காத்திருந்தேன். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் வேகமாக வராது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். பாபநாசம் பக்கத்தில் பையன்கள் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் கரையில் சூடம் ஏற்றி வைத்திருந்தார். மயிலாடுதுறையின் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்கு நான் முதலில் வந்துவிட்டேன், தண்ணீர் சில நாள் கழித்து வந்தது. கடைசியாகப் பூம்புகாருக்கு முன்னால் மேலையூர்க் கதவணையில் அதை மறுபடி பிடித்தேன். அங்கே இருந்த லஸ்கர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கல்லணையிலேர்ந்தா வர்றீங்க? நாங்க ஜீப்புலயே அலுத்துப் போறோம்." ஆனால் அவர் கண்ணில் அலுப்பு இல்லை, பொறாமைதான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் புதிய பாதை கேட்கவில்லை. தார் கேட்கவில்லை. மிகவும் கெஞ்சிக் கேட்பது, தார் போடாதீர்கள் என்பதைத்தான். தார் போட்ட மறுநாள் கார் வரும், மறுமாதம் மினி லாரி வரும், மறுவருடம் வேகத்தடை கேட்டு மனு வரும். தார் இல்லாத கரையும் பல இடங்களில் இரவு நேரத்தில் மணல் வண்டிகளுக்குக் குறுக்கு வழியாகிறது. நொந்து கிடக்கிற அந்தத் தடத்தைச் செப்பனிடுகிறவர்கள் நீங்கள்தான், நான் சொல்லத் தேவையில்லை. கரைக்குள் நுழையும் ஒவ்வொரு வாயிலும் இரண்டு கல் ஊன்றுங்கள். நடுவில் ஒரு சைக்கிள் தாராளமாகப் போகிற இடைவெளி. பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு குறுக்குக் குழாய், சாவி லஸ்கரிடம். உங்கள் ஜீப் போகட்டும், உடைப்பெடுத்தால் மணல்மூட்டை வண்டி போகட்டும், மற்ற நாட்களில் பூட்டு. பழைய எல்லைக் கல்லே போதும், டெண்டர் விடுகிற அளவுக்குக்கூட வேலை இல்லை.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. என் அக்கா மகன் ஸ்பெயினில் ஜிரோனா என்கிற ஊர்ப்பக்கம் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தான். ஓலோத் என்கிற மலையூரிலிருந்து, அணைந்துபோன எரிமலைக் குன்றுகளுக்கு நடுவே இறங்கி, ஜிரோனா வழியாகக் கடற்கரை ஊரான சான் ஃபெலியூ வரை ஒரு பாதை. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே முன்பு குறுகிய பாதை ரயில் ஓடியது, 1969இல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிய இடத்தில் பெரும்பகுதி மண்ணைக் கெட்டித்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய ஸ்டேஷன்களில் சில இன்று இளைப்பாறும் இடங்கள். வந்தவன் என்னிடம் சொன்னது இது: "நம்ம கொள்ளிடக் கரை மாதிரிதான் மாமா இருக்கு. கார் மட்டும் வராது."

அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் ரயில் ஞாபகம் வந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 29 கிலோமீட்டர்தான். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், அப்புறம் கடல். அறுபதாம் கல்யாணக் கூட்டமும் மீன்கூடையும் ஒரே பெட்டியில் வரும். நான் அதில் கடைசியாகப் போனபோது பள்ளி மாணவன். இந்தப் பக்கம் பேரளம் – காரைக்கால் பாதையை மறுபடி அமைத்துவிட்டார்கள், எங்கள் பாதைக்கும் ரயில் கேட்டு ஊரில் பலரும் பேசுகிறார்கள். வந்தால் முதல் டிக்கெட் என்னுடையது. ஆனால் வரும்வரை அந்தத் தடம் முள் மண்டிக் கிடக்க வேண்டுமா? அது உங்கள் துறை நிலமில்லை, தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் ரயில்வேயிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கடற்கரைக்கு வருகிறேன். கடலோரமாகவே ஒரு சைக்கிள் பாதை போடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு எதிரி. மணல்மேட்டை மட்டப்படுத்திக் கான்கிரீட் ஊற்றினால் 2004 டிசம்பர் 26 அன்று எது நம்மைக் காப்பாற்றியிருக்கக் கூடுமோ அதையே இடிப்பதாகும். தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுவதும் அந்த மணலில்தான். தவிர, நம் கடலோரம் ஒரே நீளமாகக் கிடப்பதில்லை, நாலு மைலுக்கு ஒரு முகத்துவாரம் வந்து வெட்டும். கை விரல்களை விரித்து வையுங்கள், டெல்டா அதுதான். ஒவ்வொரு விரலும் ஓர் ஊரில் போய் முடியும்: கொள்ளிடம் பழையாறில், காவிரி பூம்புகாரில், அரசலாறு காரைக்காலில், வெட்டாறு நாகூரில், வெள்ளையாறு வேளாங்கண்ணியில். விரல் வழியே போய்க் கடலைத் தொட்டுவிட்டு, பாலம் இருக்கிற இடம் வரை உள்ளே வந்து அடுத்த விரலைப் பிடிப்பதுதான் நம் ஊருக்கு ஏற்ற கடற்கரைப் பயணம். நேராகப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை இருக்கிறது, வாழ்த்துகள். (காரைக்காலில் மட்டும் நான் கேட்கும் இரண்டு கல்லை ஊன்றப் புதுச்சேரி அரசின் அனுமதி வேண்டும். ஒரே ஆற்றில் இரண்டு ஆட்சி. தண்ணீர் பார்க்காத வித்தியாசம்.)

தெற்கே இன்னும் ஒரு வழி இருக்கிறது, அதற்கு வரலாறே வழிகாட்டிப் பலகை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து உப்பு எடுக்க நடந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யம் வந்து சேர்ந்தது 28ஆம் தேதி. அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் அறிவித்தபோது, மக்கள் சாலையோர மரக்கிளைகளில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த வழியைப் பாமணியாறு, கோரையாற்றுக் கரைகளோடு ஒட்டிச் சைக்கிளில் போனால் கடைசியில் உப்பளம், அகத்தியம்பள்ளி நினைவுத்தூண், அதையும் தாண்டினால் கோடியக்கரையில் வெளிமான். கஜா புயலில் 2018இல் விழுந்த மரங்களுக்குப் பதில் வைத்த கன்றுகள் இன்னும் நிழல் தருகிற வயதுக்கு வரவில்லை. கல் ஊன்றுகிற கையோடு புங்கன், நாவல் என்று இரண்டு கன்றும் வையுங்கள்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் இயந்திரம் கரையில்தான் இறங்க வேண்டும், நெல் வண்டி கரையில்தான் வர வேண்டும். வரட்டும். அந்த மூன்று வாரம் குழாயைத் திறந்து விடுங்கள், சைக்கிள்காரன் இறங்கி ஒதுங்கி நிற்பான், எனக்கொன்றும் அவசரமில்லை. மோட்டார் பைக்கைக் கல்லால் தடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சீமைக்கருவேல முள்ளுக்கு நானும் இதுவரை எத்தனை டியூப் பலிகொடுத்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் கரை குப்பைமேடாகவோ வீட்டு வாசலாகவோ மாறியிருக்கிறது. அங்கே ஒரு கிலோமீட்டர் தெருவில் இறங்கிப் போய் மறுபடி ஏறிக்கொள்வோம். யார் வீட்டையும் இடிக்கச் சொல்லி இந்த மடல் எழுதப்படவில்லை.

இன்னொன்று. தலையில் ஹெல்மெட், இறுக்கமான பனியன், கறுப்புக் கண்ணாடி போட்டு வருகிற வெளியூர்க்காரர்களுக்காக மட்டும் இதைக் கேட்பதாக நினைக்காதீர்கள். அரசு தருகிற விலையில்லா மிதிவண்டியை வாங்கிய பிளஸ் ஒன் பிள்ளைகள் அதை மெயின் ரோட்டில்தான் ஓட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆவணியில் மஞ்சளுக்கும் காவிக்கும் சட்டை மாற்றி வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டம் லாரிச் சக்கரத்தை ஒட்டியே நடக்கிறது. கரை திறந்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது நிழலில் போவார்கள்.

முதலில் ஒரே ஒரு துண்டு போதும். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்திலிருந்து மேலையூர்க் கதவணை வரை, காவிரியின் ஒரு கரை. ஜனவரி 28க்கு மேட்டூர் மூடியதும் தூர்வாரும் வேலைக்குப் பட்டியல் தயாரிப்பீர்கள். அதில் கடைசி வரியாக இந்தக் கற்களையும் எழுதி வையுங்கள். எந்தெந்த வாயிலில் எத்தனை கல் என்று நான் கரையோடு போய் எண்ணி ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் கொண்டு வந்து தருகிறேன். சைக்கிளில்தான் வருவேன், கொஞ்சம் நேரமாகும்.

இப்படிக்கு,
மயிலாடுதுறைச் சைக்கிள்காரன் ஒருவன்