கடலோர ஊர்களில் உள்ளாட்சி வாக்குப்பதிவை வெள்ளிக்கிழமையில் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
கடலோர வார்டுகளின் மீனவக் குடும்ப வாக்காளர்கள்,
ராமேஸ்வரம் நகராட்சி,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்,
சென்னை.

வழி: மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள், ராமநாதபுரம்.

பொருள்: நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் வாக்குப்பதிவு நாளை விசைப்படகுகள் கரையில் நிற்கும் வெள்ளிக்கிழமையில் அமைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்த 2022 பிப்ரவரி 19 ஒரு சனிக்கிழமை. அலுவலகம் செல்வோருக்கு அது வசதியான நாளாக இருந்திருக்கும். பாக் நீரிணைக் கரையில் சனிக்கிழமை என்பது விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் நாள். அன்று படகேறினால் ஓட்டு போய்விடும். ஓட்டுக்காகக் கரையில் நின்றால் வாரத்தில் கிடைக்கும் மூன்று தொழில் நாட்களில் ஒன்று போய்விடும். அடுத்த தேர்தலிலும் இந்த நெருக்கடிக்குள் எங்களைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்கவே இந்த மனுவை அனுப்புகிறோம்.

எங்கள் கடல் நாட்களின் கணக்கைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலில் இறங்கினால் வலைகள் அறுபடும், சண்டை மூளும். அதனால் வாரத்தை மூன்று நாள், நான்கு நாள் எனப் பிரித்துக்கொண்டு பல்லாண்டுகளாகத் தொழில் செய்து வருகிறோம். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நான்கும் நாட்டுப்படகுகளுக்கு. கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிக்கொண்டு திங்கள் காலையில் கிளம்பும் விசைப்படகு செவ்வாய் காலையில்தான் ஜெட்டிக்குத் திரும்பும். புதன்கிழமை போனது வியாழனில் வரும், சனிக்கிழமை போனது ஞாயிற்றுக்கிழமை வரும். வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. இறால், நண்டு, கணவாய், மீன் என்று தரம் பிரிக்க வேண்டும்; எடை போட்டு வியாபாரியிடம் கணக்குத் தீர்க்க வேண்டும்; வலையைப் பழுது பார்க்க வேண்டும்; பங்கு பிரிக்க வேண்டும். இரவெல்லாம் கண் விழித்தவர் இத்தனையும் முடித்து வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. விசைப்படகுத் தொழிலாளி கடலிலும் இல்லாமல், ஜெட்டியிலும் நிற்காமல், வீட்டில் இருக்கும் ஒரே நாள் வெள்ளிக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை நாட்டுப்படகுக்காரர்களின் தொழில் நாளாயிற்றே என்று தாங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையையொட்டிய கடல் பகுதியில் விசைப்படகுகள் இழுவை வலை போடாதபடி தடுத்து, அந்தக் கடலை நாட்டுப்படகுகளுக்கு விட்டிருக்கிறது. கரையோரம் தொழில் செய்பவர் போவதற்கு முன்போ வந்த பிறகோ வாக்குச்சாவடிக்கு நடந்து வந்துவிட முடியும். மறுநாள் காலை வரை ஆழக்கடலில் இருப்பவரால் முடியாது.

தேர்தல் நாளுக்குப் பொது விடுமுறை உண்டு என்பதை அறிவோம். அந்த விடுமுறை மாதச் சம்பளம் வாங்குபவருக்குத்தான் பொருள் தரும். படகில் போகிறவருக்குச் சம்பளம் ஏது? பிடித்துவந்த மீனில் பங்கு உண்டு. கடலுக்குப் போகாத நாளுக்கு எதுவும் இல்லை. டோக்கனை நிறுத்திவைத்துக் கரையிலேயே இருக்கச் செய்தாலும் அந்த நாளின் அடுப்பு எரியாது.

ஒரு விசைப்படகில் ஐந்தாறு பேர் போகிறார்கள். ஒரு தெருவின் பத்துப் படகுகள் கடலில் நின்றால் ஐம்பது, அறுபது வாக்குகள் போகும். நாடாளுமன்றத் தேர்தலில் அது கடலில் கரைத்த பெருங்காயம். வார்டு தேர்தலில் அதுவே முடிவைத் திருப்பிவிடும். நகராட்சித் தலைவரையும் இப்போது நாங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2011-இல் தலைவருக்கென்று தனி வாக்கு இருந்தது. 2022-இல் மார்ச் 4 அன்று வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வார்டில் எங்கள் வாக்கு விழாமல் போனால் தலைவர் யார் என்பதிலும் எங்களுக்குச் சொல் இல்லாமல் போகிறது. காவிரிக் குடிநீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கொரு முறை வரும், மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவார்களா, கழிவுநீர் கடலில் கலப்பதை யார் தடுப்பது என்பவையெல்லாம் அந்த மன்றத்தில்தான் முடிவாகின்றன. எங்களுக்கு இவற்றைவிடப் பெரிய தேர்தல் இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் தேர்தல் வைத்தால் எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்ற யோசனை கூறப்படுவதுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் படகுகள் நிற்கும் என்பது உண்மை. ஆட்கள் நிற்பதில்லை. மேற்குக் கரையின் தடைக்காலம் ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால், இங்கே படகைக் கட்டியதும் இளைஞர்கள் கொச்சிக்கும் மங்களூருக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஏற்றதன்று. புயல் எச்சரிக்கையால் நாட்கணக்கில் முடங்கிக் கிடந்தவர்கள், தடை நீங்கிய முதல் தொழில் நாளில் கடலுக்குத்தான் ஓடுவார்கள். கடன் அப்படி நெருக்கும்.

ஐயா, இந்தக் கரையில் பல சமயத்தவர் வாழ்கிறோம். எங்கள் கோரிக்கை ஒருவருக்கு நன்மையும் மற்றவருக்கு இடையூறுமாக ஆகிவிடக் கூடாது என்று பேசித்தான் எழுதுகிறோம். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை உண்டு. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு இருந்தால் தொழுகைக்கு முன்னும் பின்னும் போதுமான நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வரிசை நகராமல் நிற்காதபடி வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு அறிவுறுத்தினால் போதும். ஞாயிற்றுக்கிழமையோ கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருப்பலி நாள், விசைப்படகுகள் மீனோடு வந்து சேரும் நாளும் அதுவே. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நடக்கும் வெள்ளியையும் தாங்கள் தவிர்க்க வேண்டும். அன்று இங்கிருந்து படகு படகாக மக்கள் போய்விடுவார்கள்.

உரிய காலத்தில் தேர்தல் நடப்பதும் எங்களுக்கு முக்கியம். இந்த மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அக்கரையிலும் இதே துன்பத்தைப் பார்த்தோம். தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் வாழும் இலங்கையில் 2023 மார்ச் 9 அன்று நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்றுதான் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மக்கள் வாக்களித்தார்கள். நம் உச்ச நீதிமன்றமும் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-இலேயே, ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று கூறியிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்வதும் அதுவே.

2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற நகராட்சி உறுப்பினர்களின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைவடைகிறது. நாட்காட்டியை வைத்து நாங்கள் பார்த்தவரை, ஜனவரி 15 பொங்கல், 22 தைப்பூசம். பிப்ரவரி 6 தை அமாவாசை. அதற்கு முந்தைய நாளிலிருந்தே அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டத்தில் ராமேஸ்வரத்தின் சாலைகள் அடைபட்டுவிடும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ரமலான் நோன்பு தொடங்கும், அதையொட்டியே தவக்காலமும் வரும். இவற்றுக்கு இடையில் எல்லாருக்கும் ஒத்துவரும் வெள்ளிக்கிழமை 2027 ஜனவரி 29. மாநிலம் முழுவதற்கும் அந்த நாளையே வாக்குப்பதிவு நாளாக அறிவிக்குமாறு வேண்டுகிறோம். வேறு காரணங்களால் அது இயலாதெனில், கடலோர நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் மட்டுமாவது வேறொரு வெள்ளிக்கிழமையை ஒதுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவை ஒட்டிய தென்கடல் பக்கத்துக் கரைகளின் தொழில் நாட்களை, தேதியை முடிவு செய்வதற்கு முன் மீன்வளத் துறை அலுவலர்களிடம் கேட்டறியவும் கோருகிறோம்.

2022-இல் ஜனவரி 26 அன்று அறிவிப்பு வந்து, பிப்ரவரி 4-ஆம் தேதியோடு வேட்புமனுத் தாக்கல் முடிந்துவிட்டது. வெளி மாநிலத் துறைமுகங்களில் இருப்பவர் செய்தி கேட்டு, கணக்கு முடித்து, ஊர் வந்து வேட்பாளராக நிற்க அந்த அவகாசம் போதாது. அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே நாற்பத்தைந்து நாட்களாவது இருக்குமாறு அட்டவணையை அமைத்து, அதன் விவரத்தை ஜெட்டிகளிலும் டோக்கன் வழங்கும் அலுவலகங்களிலும் ஒட்டிவைக்க ஆணையிட வேண்டுகிறோம்.

இம்மனு மீது எடுக்கப்படும் முடிவை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோர வார்டுகளின் மீனவக் குடும்ப வாக்காளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: ராமேஸ்வரம்