தாளில் டிக் இருக்கிறது, பரிசோதனை நடக்கவில்லை

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்கள்

பொருள்: புதிய காம்பாக்ட் எஸ்யூவி, டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை செய்யாமலே ஒப்படைக்கப்பட்டது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம்.

உங்கள் கார் நல்ல கார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 18 நாள் பிடித்தது. அந்த 18 நாளும், தப்பான வண்டியை வாங்கிவிட்டோமோ என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு தடவையும் சாவியை எடுத்தேன். அப்படி நினைக்க வைத்தது உங்கள் டீலர் செய்யாமல் விட்ட ஒரு வேலை. செய்ததாக எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

வாங்கும் முன் நான்கு கம்பெனி வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் டெஸ்ட் டிரைவில் கிடைத்த அந்த இருபது நிமிடம்தான். வேகத்தடையில் ஏறி இறங்கியது உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியவில்லை. மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின், நிற்கும்போது காலடியில் லேசாக நடுங்குகிறது, அது எல்லா மூன்று சிலிண்டருக்கும் உள்ளதுதான். ஆனால் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டியதும் பிக்கப் நன்றாகவே இருந்தது. உயரமான இருக்கை, பானெட்டின் இரண்டு ஓரமும் கண்ணுக்குத் தெரிகிறது, ஸ்டியரிங் கையில் ஒரு பிடிப்போடு நிற்கிறது. பின்னால் உட்கார்ந்து வந்த என் அம்மாவுக்கு முதுகுவலி உண்டு. இறங்கும்போது "இதையே எடுத்துடு" என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

டெலிவரி நாளன்று எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. கண்ணாடி போலத் துடைத்து வைத்த வண்டி, ஒரு போட்டோ, பெரிய அட்டைச் சாவி, அப்புறம் வரிசையாகக் கையெழுத்து. பதினோரு இடத்தில் போட்டேன். அதில் ஒன்று, டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைத் தாள். மூன்று பக்கம். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு வீல் நட்டின் முறுக்கைப் பற்றி யார் படிப்பார்கள்?

அன்று மாலையே வீட்டுக்கு ஓட்டி வந்தபோது ஏதோ இடித்தது. நிஜமாகவே இடித்தது. டெஸ்ட் டிரைவில் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. சாலையில் தார் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடமும் முதுகெலும்பு வழியாக ஏறி வந்தது. ஸ்டியரிங் காகிதம் போல லேசாக இருந்தது. வேகம் கூடக் கூட, வண்டி சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் அதன் மேல் தத்தித் தத்திப் போவது போல ஒரு உணர்வு. மூன்றாம் நாள் தூறல் விழுந்த சாலையில் சாதாரணமாக பிரேக் பிடித்ததற்கே, சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் குறுக்கே வந்து பெடலைத் தடதடவென்று உதைத்தது. அம்மா இரண்டு தடவை பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு, "பழைய கார்லயே போயிடலாம்டா" என்றார். இதை அவர் சொன்ன விதத்தை ஒரு புகார் கடிதத்தில் எழுத முடியாது.

ஷோரூமுக்குப் போன் செய்தேன். "புது வண்டி சார், சஸ்பென்ஷன் செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்" என்றார்கள். புது என்ஜினை முதல் 1,000 கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டக் கூடாது என்று உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு, சரி, இருக்கும் என்று நானும் நம்பினேன்.

அதே வாரம் வாடிக்கையாளர் திருப்தி அழைப்பு வந்தது. அதற்கு முந்தின நாளே விற்பனைப் பிரதிநிதி தனியாகக் கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார், ஒன்பது குடுத்தா எங்களுக்கு ஊக்கத்தொகை போயிடும்" என்று கெஞ்சினார். சின்னப் பையன். பத்து கொடுத்தேன். உங்கள் பதிவுகளில் நான் இப்போதும் மிகத் திருப்தியான வாடிக்கையாளராகத்தான் இருப்பேன். அந்தப் பத்தை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. இரண்டு நாள்தான் சும்மா நின்றிருந்தது. பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம், திரையில் வரிசையாக எச்சரிக்கைகள், அவ்வளவுதான். உங்கள் சாலையோர உதவிக்குச் சொன்னேன், நாற்பது நிமிடத்தில் வந்தார்கள். இதற்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். வந்த மெக்கானிக் மீட்டரை வைத்தார், 11.6 வோல்ட். "ரொம்ப நாள் பட்டினி கிடந்த பேட்டரி சார் இது" என்றார். இந்தக் கதையில் கருவியை எடுத்து அளந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

நல்ல நிலையில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. என் பேட்டரியை ஓர் இரவு முழுக்க சார்ஜரில் போட்டு, மறுநாள் அளந்தேன். 12.3. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்து பிரேக்கை விட்டதும் கிளம்பும் அந்த வசதி, வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. பேட்டரியில் போதுமான சார்ஜ் இல்லையென்றால் அது இயங்காது. எனக்கு அந்த வசதி பிடிக்காது என்பதால், இயங்காததைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதில்: "கதவைச் சரியா மூடாம விட்டிருப்பீங்க."

டயர் விஷயம் வெளியே வந்தது 18-ஆம் நாள். வெளியூர்ப் பயணத்துக்கு முன் காற்று பார்க்கலாமென்று பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். காற்று பிடிக்கும் பையன் கேஜைச் செருகினான், எடுத்தான், மறுபடி செருகினான். "சார், இது காரா லாரியா?" என்றான். நான் அவனை நம்பவில்லை. ஒரு கேஜ் வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன் நானே அளந்தேன். காற்றழுத்தம் பிஎஸ்ஐ கணக்கில் முன்னால் 47, 48. பின்னால் 46, 48. ஓட்டுநர் கதவுத் தூணில் உங்கள் ஸ்டிக்கர் சொல்வது நான்குக்கும் 33 பிஎஸ்ஐ.

தொழிற்சாலையிலிருந்து லாரியிலோ கப்பலிலோ ஏற்றி அனுப்பும் வண்டிகளில் காற்றை வேண்டுமென்றே அதிகமாக வைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கட்டி வைத்த இடத்தில் வண்டி ஆடாமல் இருக்கவும், நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிவிடாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. நியாயமானதுதான். டெலிவரிக்கு முன் அதை இறக்கி சரியான அளவுக்குக் கொண்டுவருவதும் அதே ஏற்பாட்டின் பாதி. இறக்காமல் விட்டால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிமானம் குறையும், சாலையின் அடி முழுவதும் சஸ்பென்ஷனைத் தாண்டி ஆளுக்கு வரும். நான் மேலே எழுதியதெல்லாம் இதுதான். தூறலில் ஏபிஎஸ் உதைத்தது உட்பட.

இதைச் சொன்னபோது அட்வைசர், "ஓடி வந்த டயர் சார், சூட்டுல கூடத்தான் காட்டும்" என்றார். கூடும், இல்லையென்று யார் சொன்னது? நாலைந்து பிஎஸ்ஐ கூடலாம். 33-ல் இருந்த டயர் சூட்டினால் மட்டுமே 47-க்குப் போக வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் காற்று தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டியிருக்க வேண்டும். நான் அளந்தது விடியற்காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முன் சக்கரங்கள் இரண்டை மட்டும் முதலில் 33-க்கு இறக்கி, வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என் வண்டியில் இருப்பது வால்வுக்குள் சென்சார் வைத்த வகை இல்லை. சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு, பதிவு செய்து வைத்த நிலையிலிருந்து எது விலகுகிறது என்று சொல்லும் வகை. 47-தான் சரி என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் 18 நாள் தப்பான காற்றில் ஓடியபோது வாயைத் திறக்கவில்லை, சரியான காற்று வைத்ததும் கத்தியது. நான்கையும் சரிசெய்து, மெனுவில் தேடிப் பிடித்து மறுபதிவு செய்த பிறகுதான் அடங்கியது.

அதன் பிறகு ஓட்டியதைத்தான் என் முதல் ஓட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். அதே தெரு, அதே வேகத்தடை. ஆனால் டெஸ்ட் டிரைவில் பார்த்த வண்டி திரும்பி வந்திருந்தது. ஒட்டுப்போட்ட சாலையில் சத்தம் வெளியிலேயே நின்றது. ஸ்டியரிங்குக்குக் கனம் வந்தது, வளைவில் நம்பித் திருப்ப முடிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பாதி வழியில் தூங்கிவிட்டார். குறைகள் உண்டு. ஏசியின் காற்று வேகத்தை மாற்ற ஓடும்போது திரையில் மூன்று இடம் தொட வேண்டியிருப்பது மகா அபத்தம், அதற்கு ஒரு திருகு போதும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் லேசாக முட்டி முட்டிப் போகிறது. கோடு தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வசதி, தேய்ந்த கோட்டைக் கண்டாலும் ஸ்டியரிங்கை இழுக்கிறது. இவையெல்லாம் என் அபிப்பிராயங்கள், புகார் ஆகாது.

புகார் அந்தத் தாளைப் பற்றியது. எடுத்துப் படித்துப் பார்த்தேன். "டயர் காற்றழுத்தம்: சரி." "பேட்டரி மின்னழுத்தம்: சரி." இரண்டுக்கும் பக்கத்தில் அளவைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டும் காலி. மூன்று பக்கமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கடைசிப் பக்கத்தில் சில டிக்குகள் கட்டத்தை விட்டே நழுவிக் கீழே இறங்கியிருக்கின்றன. எழுதியவர் காரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். டயரும் பேட்டரியும் அகப்பட்டது நான் தற்செயலாக அளந்ததால். வீல் நட், பிரேக் ஆயில், கூலன்ட் இவற்றுக்கும் அதே டிக்தான் போட்டிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. "போன வாரம்தான் ஃபேக்டரியிலேர்ந்து வந்துச்சு" என்று சொல்லித்தான் இந்த வண்டியைக் கொடுத்தார்கள். டயரின் பக்கச்சுவரில் 3124 என்று இருக்கிறது, அதாவது 2024-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். தகட்டில் வண்டி தயாரான மாதம் செப்டம்பர் 2024. எனக்குக் கொடுத்தது மே 2025. எட்டு மாதம் அது எங்கே நின்றது? பேட்டரி அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டது. உங்கள் பதிலும் எனக்கு வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பேட்டரியை சார்ஜ் ஏற்றித் திருப்பித் தராமல், வண்டிக்குரிய அதே வகையில் புதியதாக மாற்றித் தர வேண்டும், அதன் வாரண்டி, மாற்றும் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு டயர்களையும் கழற்றி, கூடுதல் காற்றில் ஓடியதால் உள்ளே சேதம் உண்டா என்று பார்த்து எழுத்தில் தர வேண்டும். பரிசோதனைத் தாளில் உள்ள அத்தனையையும் என் முன்னால் மறுபடி செய்ய வேண்டும், அளவுக் கட்டங்கள் நிரப்பப்பட வேண்டும். வண்டி உங்கள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய தேதி, டீலர் யார்டுக்கு வந்த தேதி, பரிசோதனை நடந்ததாகச் சொல்லப்படும் தேதி மூன்றும் எனக்குத் தெரிய வேண்டும். "வாகனம் பரிசோதிக்கப்பட்டது, குறை எதுவும் காணப்படவில்லை" என்று டீலர் அனுப்பிய மின்னஞ்சலை இதற்குப் பதிலாக ஏற்க மாட்டேன், அது நான் காற்றை இறக்கிய பிறகு பார்த்து எழுதியது. அந்த விற்பனைப் பையனின் ஊக்கத்தொகையில் இதற்காகக் கை வைக்க வேண்டாம். டிக் போட்டது அவர் இல்லை.

15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. கேஜ் காட்டிய அளவுகள், வோல்ட் மீட்டர், டயர் எண் ஆகியவற்றின் படங்கள் தேதியோடு இணைப்பில் உள்ளன.

முதல் சர்வீஸுக்கு இன்னும் 260 கிலோமீட்டர் இருக்கிறது. அதே ஷோரூமுக்குத்தான் வர வேண்டுமென்றால் வருகிறேன். கேஜ் என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
பத்துக்குப் பத்து கொடுத்த உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பரிசோதனைத் தாள் நகல், படங்கள், சாலையோர உதவி ரசீது, டீலரின் மின்னஞ்சல்