மயிலிட்டித் துறைமுகத்தில் உளுத்துக் கிடக்கும் படகுகளை எடுத்துவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

கடற்றொழிலுக்கும் துறைமுகத்துக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில், எல்லை தாண்டி வந்து பிடிபட்டுக் கட்டிவைக்கப்பட்டிருக்கும் இந்திய ரோலர்களை, அதாவது இழுவைமடிப் படகுகளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. எது எப்போது பிடிபட்டது, எந்த வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். நாங்கள் தந்த மனுக்களும் அதே அலுமாரியில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். கேட்பது ஒன்றுதான்: அந்தப் படகுகளை எடுத்துவிடுங்கள். மிதப்பவற்றையும், தாழ்ந்து போனவற்றையும்.

சென்ற வாரம் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அணைகரையை ஒட்டி ரோலர்களை வரிசையாக அணைத்துக் கட்டியிருப்பதால், விடியற்காலையில் கரைக்கு வரும் எங்கள் வள்ளங்களுக்குக் கயிறு போட இடமில்லை. கடைசி ரோலரின் வெளிப்புறத்தில் கட்டிவிட்டு, மீன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரோலர்களின் தளங்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் கரையேற வேண்டும். அப்படித் தாண்டும்போது எங்களில் மூத்தவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுபவர், கால் வைத்த பலகை உடைந்து முழங்கால் வரை உள்ளே போனார். ஓடிப்போய்ப் பார்த்தோம். பலகையின் அடிப்புறம் முழுவதும் உளுத்துப்போய், மேலே பூசிய பச்சை வர்ணம்தான் அதைப் பலகையாகக் காட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஆணி கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. கால் சிக்கிக் கிடக்க, அவர் கத்தியது “பெட்டியைப் பிடியுங்கள்” என்றுதான். பாதி மீன் கடலில் விழுந்தது. எண்ணெய் படிந்த தண்ணீரில் விழுந்த மீனை எடுத்தாலும் யார் வாங்குவார்கள்? அண்ணை இப்போது ஏற்பு வராமலிருக்க ஊசி போட்டுத் தையலோடு வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டு உலைக்கு எந்தக் கோப்பிலிருந்து அரிசி வரும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

மரப்படகு ஆள் ஏறாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பது கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வெயிலில் பலகை காய்ந்து நீக்கல் விடும். நீக்கலில் அடைத்த பஞ்சு கழன்றுவிடும். மழைத்தண்ணீரும் கசிவும் உள்ளே சேரும், இறைக்க ஆளில்லை. ஒருநாள் இரவு சத்தமில்லாமல் அடியில் குந்திவிடும். பிறகு டீசலும் எஞ்சின் எண்ணெயும் மேலே வரும். நீர் வற்றும்போது படகின் கூரை தெரியும். நீர் ஏறினால் அதுவும் தெரியாது. இருட்டில் வருபவனின் எஞ்சின் காற்றாடிதான் அதைக் கண்டுபிடிக்கும். வாடைக்காற்று பெயர்ந்தால் இன்னொரு கவலை. இற்றுப்போன கயிறு அறுந்து ஒரு ரோலர் அலைய ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கும் கண்ணாடியிழை வள்ளம் அதற்கு ஈடு கொடுக்குமா?

இதைச் சொன்னால், அவை நீதிமன்றச் சான்றுப் பொருட்கள், கை வைக்க முடியாது என்று பதில் வருகிறது. நீதிமன்றத்தை மதிக்கிறோம். ஆனால் சான்றுப் பொருளைக் கெடாமல் காப்பதும் காவலில் வைத்திருப்பவரின் கடமைதானே? கடலுக்கு அடியில் சேறு மூடிக் கிடப்பதை எந்த நீதவானுக்கு எடுத்துக் காட்டப் போகிறீர்கள்? அரசுடைமை என்று தீர்ப்பான படகுகளுக்கு அந்தச் சாட்டும் இல்லை. அவற்றுக்கு உடைமைக்காரர் நீங்கள்தான்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் கிடந்த 105 படகுகளை 2022 பெப்ரவரியில் ஏலம் விடுவதாக விளம்பரம் செய்தீர்கள். 2021 ஜூனில், மீன் பெருக்கத்துக்கு என்று பழைய பேருந்துகளை ஏற்றிவந்து வடகடலில் இறக்கினார்கள். பேருந்தைக் கடலுக்குள் இறக்கத் தெரிந்த நாட்டுக்குப் படகைக் கடலிலிருந்து தூக்கத் தெரியவில்லை என்பதை நான் நம்பத் தயாரில்லை.

போரினால் இந்தத் துறைமுகத்தை நாங்கள் 1990இல் விட்டு ஓடினோம். 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. 27 ஆண்டுகள் கம்பிவேலிக்கு அப்பால் நின்று பார்த்த கடல். 2025 செப்ரெம்பரில் ஜனாதிபதியே வந்து மூன்றாம் கட்ட அபிவிருத்தியைத் தொடக்கி வைத்தார். நான்காம், ஐந்தாம் கட்டங்களும் வரட்டும், மகிழ்ச்சி. கட்டிய துறையில் எங்கள் வள்ளம் நிற்க இடம் இருக்க வேண்டாமா? இழுவைமடியால் எங்கள் வலையை அறுத்த ரோலர்கள், பிடிபட்ட பிறகும் எங்கள் இடத்தைத்தான் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இராமேஸ்வரத்தில் அந்தப் படகைக் கட்டியவனும் கடன்பட்டுத்தான் கட்டியிருப்பான். இங்கே அது உளுத்துப் போவதால் அவனுக்கும் ஒரு சதம் மிஞ்சவில்லை. இரண்டு கரைகளிலும் யாருக்கும் பயனில்லாத ஒன்றை இத்தனை சிரத்தையாகக் காத்து வருகிறீர்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். இந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். முதலில் தாங்கிகளில் இருக்கும் டீசலையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். மின்கலங்களைக் கழற்ற வேண்டும். தாழ்ந்த படகுகளுக்குச் சுழியோடிகளை இறக்கி, பட்டி போட்டு, பாரந்தூக்கியால் கரைக்கு ஏற்றி, அங்கே உடைக்கட்டும். கயிறு கட்டி இழுக்கப் போனால் உளுத்த உடல் பிளந்து துறைமுகமெங்கும் ஆணியும் பலகையுமாகிவிடும். ஏலம் விடுவதானால், எடுத்தவர் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு கூட்டை விட்டுப் போகாதபடி முற்பணம் வாங்கி வையுங்கள். கரையில் போட்டுக் கொளுத்த வேண்டாம். பூச்சும் எண்ணெயும் எரிந்த புகை எங்கள் வீடுகளுக்குத்தான் வரும். இன்னொன்று: இங்கிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர்த் துறையில் கட்டிவிடாதீர்கள். அங்கேயும் எங்களைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

வழக்கு முடிந்த படகுகளை வாடைக்கு முன் அகற்றிவிடுங்கள். மற்றவற்றைப் படம் எடுத்து, அளந்து, பதிவு செய்து, அணைகரையை விட்டு அப்புறப்படுத்த நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள். எந்தத் திகதியில் தொடங்குவீர்கள் என்பதை எழுத்தில் தந்தால், அன்று எங்கள் வள்ளங்களை ஒதுக்கி வழிவிட்டு, வேண்டிய உதவிக்கும் ஆட்களோடு நிற்போம்.

நன்றி.

இப்படிக்கு,
மயிலிட்டியில் தொழில் செய்யும் ஒருவன்