பில்லின் பின்பக்கத்தில் நட்டு இறுகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுருக்கமாகச் சொன்னால் போல்ட் இறுக்கியே குடும்பம் நடத்தியவன். அப்படிப்பட்டவன் வீட்டு வண்டியிலேயே சக்கரம் கழலப் பார்த்தது என்பதால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் எங்கள் காருக்கு நான்கு டயரும் மாற்றினோம். கடைக்கு வண்டியைக் கொண்டுபோனவன் நானே. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஏசி அறை, அந்தப் பக்கம் வேலை நடக்கிற இடம். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, சொன்னால் சிரிப்பீர்கள், உங்கள் நாளிதழைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நட்டைச் சுழற்றுகிற ஏர் கன், அதாவது காற்றழுத்தத்தில் ஓடுகிற கருவி, விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு ஐந்து நட்டு, நான்கு சக்கரம், மாட்டும்போது இருபது தடவை அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். எத்தனை தடவை கேட்டது என்று இப்போது ராத்திரியெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை வரவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் மகள் அலுவலகத்துக்கு வண்டியை எடுத்துப் போனாள். அரைமணி நேரத்தில் போன். "அப்பா, பின்னாடி டிக்கியில ஏதோ உருளுற மாதிரி சத்தம் வருதுப்பா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜாக்கியைச் சரியா மாட்டாம விட்டிருப்பாங்க, சாயங்காலம் பார்த்துக்கலாம்மா." அனுபவஸ்தன் சொன்ன பதில் இது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். "வேகம் குறைச்சா சத்தம் ஜாஸ்தியா கேக்குது. வண்டியோட பின்பக்கமே அசையற மாதிரி இருக்கு." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓரம் கட்டி உடனே நிறுத்து என்று கத்தினேன். இறங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "இடது பின் சக்கரத்துல ஒரு நட்டைக் காணோம்ப்பா. இன்னொண்ணு கையிலேயே சுத்துது."

வண்டி அதுவரை ஓடியிருந்தது 38 கிலோமீட்டர்.

நான் போய்ச் சேர்ந்து சக்கரத்தைக் கழற்றினேன். மிச்சமிருந்த நான்கு நட்டில் இரண்டு விரலால் சுழன்றன, மற்ற இரண்டும் பேருக்குத்தான் பிடித்திருந்தன. ரிம்மில் நட்டு உட்காரும் கூம்புத் துளைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தன. துளையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அலுமினியத் தூள். நட்டு ஏறுகிற மரைக் கம்பிக்கு ஸ்டட் என்று பெயர். ஒரு ஸ்டட்டின் மரை ஒரு பக்கம் மழுங்கிப் பளபளத்தது, சக்கரம் ஆடி ஆடித் தேய்த்த இடம். ஸ்டட்டை மாற்றிவிடலாம், அந்த ரிம்முக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. துளையின் வடிவம் போன ரிம்மில் நட்டு எவ்வளவு இறுக்கினாலும் சரியாக உட்காராது.

சந்தேகத்தில் மற்ற மூன்று சக்கரத்தையும் பார்த்தேன். வலது முன் சக்கரத்தின் நட்டை வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரால் அசைக்கவே முடியவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன், என் எடை 70 கிலோ, அப்போதும் நகரவில்லை. ஆக, ஒரே கடை, ஒரே கன், ஒரே மணி நேரத்தில் ஒரு சக்கரத்தை இறுக்கவே இல்லை, இன்னொன்றைத் தேவைக்கு மேல் இறுக்கித் தள்ளியிருக்கிறது. பாதி வழியில் பஞ்சர் ஆகியிருந்தால் என் மகள் அந்தச் சக்கரத்தை எப்படிக் கழற்றியிருப்பாள்?

கடைக்காரரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முதல் வாக்கியமே, "சார், அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நட்டு செக் பண்ணிக்கணும்னு பில்லுலயே போட்டிருக்கோமே" என்பதுதான். பில்லைத் திருப்பிப் பார்த்தேன். ஆமாம், பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்பதாவது வரியில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி இன்னும் அழகு: சக்கரத்தின் இறுக்கத்தைச் சரிபார்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாம்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் வழக்கு. ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது உண்மை, அது நல்ல பழக்கமும்கூட. அது எதற்கு என்பதைத்தான் அவர் மாற்றிச் சொல்கிறார். நட்டை இறுக்கும்போது நாம் நிஜமாகச் செய்வது ஸ்டட்டை இழுத்து நீட்டுவது. இழுபட்ட ரப்பர் பேண்ட் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியோடு, சேர்த்து அழுத்துகிறது. சாதாரணக் காரில் ஒரு நட்டு சுமார் 4 டன் அளவுக்கு அழுத்திப் பிடிக்கும். ஆனால் அதற்காக ஸ்டட் நீளுவது எவ்வளவு? ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனம், அவ்வளவுதான். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துருவோ மண்ணோ புதுப் பெயிண்டோ இருந்தால், வண்டி ஓட ஓட அது நசுங்கும். நசுங்கிய கனமும் ஒரு தலைமுடி அளவு என்றால் இழுப்பு மொத்தமும் போயிற்று. அதனால்தான் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். சரியாக இறுக்கிய நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. கையால் முடுக்கி அப்படியே விட்ட நட்டைக் கண்டுபிடிக்கிற வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதற்கு ஏற்பட்டது அல்ல. அதோடு, எங்கள் வண்டி ஐம்பதைத் தொடவே இல்லை.

சரி, எவ்வளவு இறுக்குவது என்று உங்களிடம் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்டேன். "கன்னுலயே அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு சார்" என்றார். ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி ஓர் அளவு கொடுத்திருக்கும். கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும், வண்டியோடு வந்த கையேட்டில் பார்க்கலாம். 110 என்றால், கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 45 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. ஏர் கன்னோ 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதிலும் காற்றழுத்தம் மாறினால் இறுக்கம் மாறும், பையன் விசையை அரை வினாடி கூடுதலாகப் பிடித்தால் மாறும். தேவைக்கு மேல் இறுக்கினால் ஸ்டட் நீண்டு திரும்பிச் சுருங்காமலே போய்விடும், பிரேக் டிஸ்க்கும் கோணும். கன்னை நான் குறை சொல்லவில்லை, கழற்றுவதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. மாட்டும்போது மெதுவாக ஓட்டி நட்டை உட்கார வைக்கவும் செய்யலாம். கடைசி இறுக்கம் மட்டும், வைத்த அளவை எட்டியதும் சத்தம் போட்டுச் சொல்கிற டார்க் ரெஞ்ச் என்ற ஸ்பேனரால், வண்டி தரையில் நிற்கும்போது, நட்சத்திரம் போடுகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக நடக்க வேண்டும்.

"டார்க் ரெஞ்ச் இருக்கே சார்" என்று காட்டினார். எங்கே? கண்ணாடி ஷோகேஸில், அலாய் வீல் மாதிரிகளுக்குப் பக்கத்தில், பெட்டியோடு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழியவில்லை. பசங்க கையில் கொடுத்தால் கெட்டுப்போகும் என்று பூட்டி வைத்திருக்கிறாராம், சாவி அவரிடம்.

இன்னொரு வேடிக்கையும் சில கடைகளில் பார்த்திருக்கிறேன். கன்னால் முழு வேகத்தில் இறுக்கிவிட்டு, வாடிக்கையாளர் கண்முன் டார்க் ரெஞ்சைப் போட்டு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வைப்பார்கள். நமக்கும் திருப்தி. ஆனால் 110-க்கு வைத்த ரெஞ்ச், 110-ஐ எட்டியதும் சத்தம் போடும், அவ்வளவுதான் அதன் வேலை. நட்டு ஏற்கெனவே 300-இல் இறுகியிருந்தாலும் அசையாமலே 'டக்' என்றுதான் சொல்லும். நட்டு கொஞ்சமாவது திரும்பிய பிறகு அந்தச் சத்தம் வந்தால்தான் அர்த்தம். வாசகர்கள் இதை ஒரு தடவை நின்று பார்த்துவிட்டால் கடையை எடை போட்டுவிடலாம்.

பேச்சின் கடைசியில் கடைக்காரர் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "அந்தப் பையனை அன்னிக்கே நிறுத்திட்டேன் சார்." ஏதோ எனக்குப் பெரிய நியாயம் வழங்கிய மாதிரி சொன்னார். விசாரித்தால் விஷயம் இதுதான்: பையன் இடது பின் சக்கரத்துக்கு நட்டுகளைக் கையால் முடுக்கிக்கொண்டிருக்கும்போது, வாசலில் வேறு வண்டி வந்து நிற்க, அதைப் பிட்டில் ஏற்றச் சொல்லி இவரே கூப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்தவன் முடித்தாயிற்று என்று நினைத்து ஜாக்கியை இறக்கிவிட்டான். யாருக்குத்தான் நடக்காது? எனக்கும் நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு நீராவிக் குழாயின் ஃபிளான்ஜில், அதாவது இரண்டு குழாயைச் சேர்க்கிற வட்ட விளிம்பில், எட்டு போல்ட்டில் இரண்டைக் கையால் முடுக்கியதோடு சாப்பாட்டு மணிக்கு எழுந்து போய்விட்டேன். நீராவி திறப்பதற்கு முன் என் மேஸ்திரி அதைப் பிடித்தார். அவர் பிடித்தது கூர்மையான கண்ணால் அல்ல, பெயிண்டால். எங்களுக்கு ஒரு முறை இருந்தது. போல்ட்டை முழுசாக இறுக்கிய பிறகுதான் நட்டிலிருந்து போல்ட் முனை வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட், இறுக்காத போல்ட். கோடு உடைந்திருந்தால், அதாவது நட்டின் பாதி ஒரு பக்கமும் போல்ட்டின் பாதி வேறு பக்கமுமாக நின்றால், நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு போல்ட்டில் கோடு இல்லை, பார்த்தார், கூப்பிட்டார், திட்டினார். அந்தத் திட்டு இப்போதும் நினைவிருக்கிறது, அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

பெரிய லாரி, பஸ்களின் சக்கரத்தில் நட்டுக்கு நட்டு மஞ்சள் பிளாஸ்டிக் முள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே யோசனைதான். பக்கத்துப் பக்கத்து முட்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பார்கள், ஒன்று திரும்பி நின்றால் டிரைவர் நடந்துபோகிற போக்கிலேயே கண்டுகொள்வார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1997-இல் சட்டமே போட்டார்கள். சரக்கு வண்டியின் சக்கரம் சாலையில் கழன்றால், முடிந்த கவனமெல்லாம் எடுத்தேன் என்ற வாதத்துக்கே இடமில்லை, அபராதம் 2,000 டாலரிலிருந்து 50,000 டாலர் வரை. அங்கே அது வண்டிக்காரர் மேல் விழுகிறது. கடைசியாக நட்டைத் தொட்ட கடைக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் கட்சி.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம் என்ற எண்ணும், இறுக்கியவர் கையெழுத்தும் பில்லின் முன்பக்கத்தில் வரட்டும். இறுக்கி முடித்த நட்டில் ஒரு மார்க்கர் கோடு விழட்டும். கோடு போடுவது வேறு ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது, முதலாளியே போடலாம், அவருக்கும் இடுப்பு வளையட்டும். மறு சோதனைக்கு வரச் சொல்வதை வாயால், சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டும். வருகிறவரைக் காக்கவைக்காமல் இரண்டு நிமிஷத்தில் பார்த்து அனுப்ப வேண்டும். இதெல்லாம் செய்த கடையின் வாடிக்கையாளர் திரும்ப வராமல் போனால், அது அவர் பாடு, நான் கடைக்காக வாதாட வருகிறேன். எதையும் செய்யாமல் ஒன்பதாவது வரியைக் காட்டினால் கேட்டுக்கொண்டு போக முடியாது.

புது ரிம்முக்கும் ஸ்டட்டுகளுக்கும் கடைக்காரர் பொறுப்பேற்றுக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். மகள் அந்தக் கடைப் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். நான் போவேன். அவரும் இந்த நாளிதழ்தான் வாங்குகிறார், ஏசி அறையில் கிடந்தது அவர் பிரதிதான். ஆகவே இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்: ஐயா, அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிடுங்கள். உங்கள் கடையிலேயே நட்டு இறுக்குவதில் இனி அவன்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் நான் வந்து எல்லாப் பையன்களுக்கும் காட்டித் தருகிறேன், எனக்கு எதுவும் தர வேண்டாம். ஷோகேஸ் சாவியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்