உளியின் குதிகால்

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் மூன்று தடவை கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று நீ கேட்டு முடிப்பதற்குள் உனக்கு ஷிப்ட் மணி அடித்துவிடுகிறது. சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்குத் தகட்டில்தான் எழுத்து நேராக வரும்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடைக்குப் போகவில்லை. தீபாவளிக்கு மறுநாள்கூட லாங்கு பஜாரில் ஸ்டூலைப் போட்டு உட்காருகிற ஆள், இரண்டு நாள் போகவில்லை என்றால் அம்மா சந்தேகப்படத்தானே செய்வாள்? நெஞ்சு வலியை மறைக்கிறேனோ என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். சத்துவாச்சாரியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கையால் உலோகம் செதுக்குகிறவர்கள் கூடினோம். நாற்பது பேர் இருக்கும். ஆளுக்கு ஒரு வேலை செய்து காட்ட வேண்டும், மற்றவன் கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது. பொன்னாடை இல்லாமல் நம் ஊரில் ஒரு கூட்டம் நடந்ததை நானும் பார்த்துவிட்டேன்.

குடியாத்தத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிற பையன் ஒருத்தன்தான் வந்து கூப்பிட்டான். "எனக்கு இன்னாபா வேல அங்க? நான் பாத்திரத்துல பேர் வெட்றவன்" என்றேன். "அதுக்குத்தான் பெரியவரே கூப்புடறேன்" என்றான். உனக்குத் தெரியும், பெரிய பாத்திரக் கடையில் லேசர் மிஷின் வந்ததிலிருந்து எனக்கு நாளைக்கு நாலு டம்ளர், ஒரு சொம்பு வந்தாலே அதிகம். எந்தப் பெயரையும் எந்த எழுத்திலும் கண் மூடித் திறப்பதற்குள் அது போட்டுவிடுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. நீயும் மிஷின் ஓட்டித்தான் பிழைக்கிறாய்.

முதல் நாள் கர்நாடகத்துப் பீதரிலிருந்து வந்தவர் பிதிரி வேலை காட்டினார். தமிழ் தெரியாதவர். நம் பக்கத்துக் கடை பாய் கூட வந்திருந்ததால் உருதுவில் கேட்டுக் கேட்டுச் சொன்னார். பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு சேர்த்து வார்த்த குடுவை. பார்க்க ஈயச் சட்டி மாதிரிதான் இருந்தது. மயில்துத்தக் கரைசலைத் தேய்த்ததும் கறுத்துப்போனது. அந்தக் கறுப்பு சும்மா, கோடு கிழித்தால் கண்ணுக்குத் தெரிவதற்காக. ஸ்டென்சில் இல்லை, பென்சில் இல்லை, ஊசிமுனையால் கொடியும் பூவும் நேராக வரைந்தார். பிறகு உளியால் பள்ளம் வெட்டி அதில் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். தேய்த்து வழவழப்பாக்கியதும் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வெள்ளி எங்கே என்றே தெரியவில்லை. எனக்கு அய்யோ என்றிருந்தது, இவ்வளவு வேலையும் வீணா என்று. அப்போதுதான் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பீதர் கோட்டைக்குள்ளிருந்து எடுத்த மண். அதை நவச்சாரத்தோடு தண்ணீரில் கலக்கிக் கொதிக்கவிட்டுக் குடுவையை முக்கி எடுத்தால் துத்தநாகமெல்லாம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. வெள்ளியை அது தொடவே இல்லை. அமாவாசை வானத்தில் மின்னல் அடித்த மாதிரி இருந்தது தம்பி. பாய் உடனே, "நம்ம கோட்டை மண்ணும் ஒரு கூடை குடுத்து அனுப்பலாமா?" என்று கேட்டார். நம் அகழி நாற்றத்துக்கு எந்த உலோகமும் கறுத்துத்தான் போகும் என்றேன். மொழிபெயர்க்காமலே அந்த மனிதர் சிரித்தார்.

குடியாத்தத்துப் பையனிடம் காற்றில் ஓடும் உளி இருக்கிறது. தையல் மிஷின் மாதிரி காலால் மிதிக்கிறான், கைப்பிடிக்குள்ளே ஒரு குட்டிச் சுத்தி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கிறது. அமெரிக்காவில் கன்சாஸ் பக்கம் எம்போரியா என்கிற ஊரில் செய்வதாம். விலையைக் கேட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் செப்பேட்டுப் படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். வாணியம்பாடி பக்கம் உதயேந்திரம் இருக்கிறதே, நாம் பஸ்ஸில் எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்போம்? அங்கே கிடைத்த ஏட்டில், நந்திவர்ம பல்லவமல்லன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் 108 பிராமணர்களுக்கு ஒரு ஊரையே கொடுத்த சங்கதி வெட்டியிருக்கிறதாம். அரக்கோணம் பக்கத்து வேலூர்பாளையத்திலும் பல்லவர் செப்பேடு கிடைத்திருக்கிறது. எல்லோரும் ராஜா பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணெல்லாம் வெட்டு மேல். வாத்தியார் சொன்னார், சில பல்லவர் ஏடுகளின் கடைசியில் வெட்டியவன் பெயரும் வரும், பெருந்தட்டான் என்று. நான் இத்தனை வருஷம் ஊரார் பெயரையே வெட்டியிருக்கிறேன். ஒரு சொம்பின் அடியில்கூட என் பெயரைப் போட்டதில்லை. போட்டால் கடைக்காரன் காசு பிடித்திருப்பான், அது வேறு.

மத்தியானம் பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய். ஆம்பூர் ஆள் சமையல். அதற்குப் பிறகு என் முறை என்றார்கள். உண்ட மயக்கத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தைரியமாகத்தான் போனேன்.

மிஷின் எதையும் தொடவில்லை. உன் தாத்தா வைத்திருந்த சின்ன உளியும் சுத்தியும் எடுத்து, ஒரு பித்தளைச் சொம்பில் பழைய புள்ளி எழுத்துப் போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பையனின் பாட்டி பெயர். வழக்கம்போல எழுத்து அவனைப் பார்த்து இருக்கும்படி, எனக்குத் தலைகீழாக வெட்டினேன். கல்யாண வீட்டார் நேரே படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று பழகிய பழக்கம், எனக்கு அது ஒரு வித்தையாகவே தோன்றியதில்லை. நிமிர்ந்தால் கூட்டம் முழுக்க மேசையைச் சுற்றி நிற்கிறது! முராதாபாத்திலிருந்து வந்த நகாசு வேலைக்காரர் ஒருத்தர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது. சந்தோஷமும்தான், மறைப்பானேன்.

இதெல்லாம் சொல்வதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அடுத்து, சுத்தி இல்லாமல் கையால் தள்ளுகிற உளியால் வெள்ளித் தகட்டில் எழுத்து வெட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆரணிப் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பெங்களூரில் கைக்கடிகாரங்களுக்குச் சித்திர வேலை செய்கிறவள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, ஒங்க உளிய கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். வாங்கிக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்தாள். கூர் இருந்தால் நகத்தைப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது வழுக்கிக்கொண்டு போனது. பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்து டிவியில் காட்டினாள். முனையில் வெள்ளையாக ஒரு புள்ளி மின்னியது. நல்ல முனை என்றால் வெளிச்சமே அடிக்காதாம், மின்னினால் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். நாற்பது பேர் முன்னால் என் உளி குட்டிச்சுவர் மாதிரி நின்றது.

அதோடு விட்டாளா? "அடியில குதிகாலே இல்லியே தாத்தா, எப்டி வெட்றீங்க?" என்றாள். உளியின் முகத்தை 45 டிகிரியில் சாய்ப்பது எனக்குத் தெரியும். முனைக்கு அடியிலும் 15 டிகிரி அளவுக்குச் சின்னதாக ஒரு சாய்வு தீட்ட வேண்டுமாம். அதுதான் உளியைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் கையைக் கொஞ்சம் தாழ்த்தினால் உளி வழுக்கி ஓடும், கொஞ்சம் உயர்த்தினால் குத்திக்கொள்ளும். வளைவுக்கு அந்தக் குதிகால் குட்டையாக இருக்க வேண்டும், நீளமானால் திரும்பும்போது வெட்டின் வெளியோரத்தை உரசிக் கெடுக்கும். அவள் தீட்டிக் கொடுத்தாள். ராணிப்பேட்டைத் தோலில் தைத்த மணல் மூட்டை மேல் தகட்டை வைத்து இடது கையால் சுற்றினேன். உளி வெண்ணெயில் போவது போல் போனது.

அப்படியானால் இத்தனை காலம் எப்படி வெட்டினேன்? நாற்பது வருஷமாக என் மணிக்கட்டுதான் அந்தக் குதிகாலாக இருந்திருக்கிறது.

உன் மணிக்கட்டுக்கு அப்போது பதினைந்து வயது.

2009 மே மாசம், அக்கினி நட்சத்திரம், வேலூரா வெயிலூரா என்று கேட்கிற வெயில். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்தாய். ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழில் 'ழ' போடும்போது உளி வழுக்கி மூடியின் குறுக்கே கோடு இழுத்துவிட்டது. நான் சுத்திப் பிடியால் உன் விரல் முட்டியில் அடித்தேன். "உனக்குக் கையே இல்லடா" என்று சொன்னேன். நீ அழவில்லை. உளியைத் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு நீ அந்த ஸ்டூலில் உட்காரவே இல்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் ஐ.டி.ஐ.யிலிருந்து தீபாவளி லீவுக்கு வந்தபோது, "நைனா, லேத் டூலுக்கு அடியில கோணம் விடறாங்க, நம்ம உளிக்கு இல்லியே?" என்று கேட்டாய். "ரெண்டு மாசம் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று விரட்டினேன். ஆரணிப் பெண் சொன்னதும் அதுவேதான். அவள் சொன்னபோது நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வெளியூர்க்காரர்களைக் கோட்டைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்து முராதாபாத்காரர் நகரவே இல்லை. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த கதையைப் பாய் உருதுவில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தேன். வழக்கமாக அந்தச் செருப்புக் கதையை நான்தான் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து உன் விரல் முட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு உன் கையில் இல்லை தம்பி. நான் தீட்டிக் கொடுத்த உளியில் இருந்தது. மன்னிப்பு என்கிற வார்த்தையைப் போட்டால் நீ சங்கடப்படுவாய், அம்மாவுக்குப் போன் போட்டு "நைனாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்பாய். ஆனாலும் எழுதிவிட்டேன், அந்த வார்த்தையை அடிக்கப்போவதில்லை.

உன் பழைய டப்பாவைத் தேடி எடுத்தேன். கொய்யா மரப் பிடி போட்ட அந்த உளி துரு ஏறிக் கிடந்தது. எண்ணெய்க் கல்லில் மூன்று ராத்திரி உட்கார்ந்து தீட்டினேன். இரண்டு தடவை கோணம் தப்பி, மறுபடி முதலிலிருந்து. இப்போது நகத்தைப் பிடிக்கிறது. கூட ஒரு செப்புத் தகட்டுத் துண்டும் வைக்கிறேன். அதில் ஓரமாக நான் ஒரு 'ழ' வெட்டியிருக்கிறேன், மற்ற இடம் காலி.

பார்சல் செவ்வாய்க்கிழமை போடுகிறேன். மேலே ஆற்காடு மக்கன்பேடா, வந்த அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். முறுக்கு டப்பாவுக்கு அடியில் துணி சுற்றி உளி இருக்கும். முனையில் தக்கை குத்தியிருக்கிறேன், ஆனாலும் குழந்தையைப் பக்கத்தில் விடாமல் பார்த்துப் பிரி.

உன் நைனா