குடித்த நாளிலும் மாத்திரை: தோட்டப்புற அரசாங்க கிளினிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், மருத்துவ உதவி அதிகாரிகளுக்கும், தாதியருக்கும், மருந்தாளர்களுக்கும்,

வணக்கம். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் தோட்டப்புறச் சிறு நகரம் ஒன்றில் வசிக்கிறேன். என் தம்பி செம்பனைக் குலை வெட்டுகிறவன்; ஒன்பது ஆண்டுகளாக எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறான். இந்த மடலை அவன் முழுவதும் படித்து, "போடுக்கா" என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாதக் கடைசியில், சாமி மேடைக்குக் கீழே அவன் வைத்திருக்கும் பழைய மைலோ டின்னை நான் திறந்து பார்க்க நேர்ந்தது. தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைப் போத்தலில் எட்டு மாத்திரைகள் மிச்சமிருந்தன. நான்கு சனிக்கிழமை, நான்கு ஞாயிற்றுக்கிழமை. "குடிச்ச அன்னிக்குப் போடக் கூடாதுக்கா, ரெண்டும் சேர்ந்தா ஈரல் வெந்துடும்னு சொன்னாங்க" என்றான். சொன்னது யார் என்று அவனுக்கு நினைவில்லை. கிளினிக்கில் காத்திருந்த இன்னொரு நோயாளியாக இருக்கலாம், அவசரத்தில் பேசிய பணியாளராகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவன் மருந்துச் சீட்டைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இன்று எச்.ஐ.வி.க்குப் பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிர், டெனோஃபோவிர் போன்ற மருந்துகள் மதுவோடு சேர்ந்து நஞ்சாக மாறுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எஃபாவிரென்ஸ் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தை உட்கொள்கிறவருக்குக் குடியால் தலைசுற்றலும் மந்தமும் கூடலாம். அப்போதும் மாத்திரையை விடச் சொல்வதற்கு இடமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மருந்து நின்றால், அடங்கிக் கிடந்த கிருமி மீண்டும் பெருகவும், அந்த மருந்துக்கே பணியாத நிலையை அடையவும் வழி பிறக்கிறது. குடியும் மருந்தும் சேர்ந்தால் ஆபத்து என்ற நம்பிக்கையே மனிதர்களை மருந்தை நிறுத்த வைக்கிறது என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும், "குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடுங்கள்" என்று தமிழிலேயே, வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் குடிக்க அனுமதி கொடுத்தது போலாகிவிடுமோ என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு விலையாகப் போனவை அந்த எட்டு மாத்திரைகள்.

குடியைக் குறைப்பதற்கும் உங்கள் உதவி தேவை. தம்பியிடம் குடியைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டார்கள். பதிவு மேசையருகே, பின்னால் ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்க, "மினும் ஆராக்?" (மது குடிப்பீர்களா?) என்று மலாயில் கேள்வி வந்தது, "தாக்" (இல்லை) என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். ஒரே தோட்டத்து ஆட்கள் நான்கு பேர் நிற்கும் இடத்தில் வேறு எந்தப் பதிலை எதிர்பார்க்க முடியும்? குடிப்பழக்கத்தை அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் முதல் மூன்று, எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு, ஒரே அமர்வில் மிக அதிகமாகக் குடிப்பது எத்தனை முறை என்று மட்டும் கேட்பவை. கதவு மூடிய அறையில் இரண்டு நிமிடத்தில் அவற்றைக் கேட்டுவிடலாம். அளவையும் அவர்களுக்குப் புரியும் கணக்கில் சொல்லுங்கள்: 640 மில்லி பெரிய பீர் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் தூய மது இருக்கிறது, அதாவது பத்து கிராமை ஓர் அளவு என்று கொண்டால் இரண்டரை அளவு. "ரெண்டு போத்தல்தான்" என்று தம்பி சொல்வது ஐந்து அளவு என்பதை அவன் என்னிடமிருந்துதான் முதன்முதலில் கேட்டான்.

"உடனே நிறுத்து" என்று மட்டும் சொல்லி யாரையும் அனுப்பிவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், அவன் தினமும் சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டு விரதத்தின் முதல் நாளிலேயே குடியை அடியோடு விட்டான். இரண்டாம் நாள் இரவு கை நடுங்கி, உடலெல்லாம் வியர்த்து, விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. விரதத்தில் ஏதோ குறை வைத்ததால் முருகன் சோதிக்கிறான் என்று அம்மா அழுதார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்த உடல் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம், மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும் என்று எங்களுக்கு ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், விரதம் தொடங்கும் முன்பே அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்போம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டும் என்பதில்லை. வியட்நாமின் தாய் நுயென் மாநிலத்தில், எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் 440 பேரை வைத்து நடத்திய ஆய்வில், நேரில் இரண்டு அமர்வும் தொலைபேசியில் இரண்டு பேச்சும் கொண்ட குறுகிய ஆலோசனையே குடிக்காத நாட்களைக் கூட்டியது. கென்யாவின் எல்டோரெட் நகரில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே சிறு குழுக்களாக அமர்த்தி, மக்களின் மொழியில் பேசிக் குடியைக் குறைக்க உதவினார்கள். நம் தோட்டப்புறத்திலும் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் அவர்கள் வருவார்கள் என்று நம்புகிறேன்.

குடி ஒரு தனிமனிதனின் குணக்கேடு மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பீடோங் வட்டாரத்தில் 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகப் போராடினார்கள். அந்நாளில் கள்ளுக்கடை தோட்ட வாழ்க்கையின் ஓர் அங்கமாகவே இருந்தது. பாட்டன் காலத்திலிருந்து வந்த பழக்கத்தை ஒரு முறை திட்டி மாற்றிவிட முடியாது.

தம்பிக்கு அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனை. இப்போது சனிக்கிழமை இரவும் மாத்திரை போடுகிறான்; இரண்டு போத்தலை ஒன்றாக்க முயல்கிறான், சில வாரங்களில் முடிகிறது, சில வாரங்களில் முடிவதில்லை. அன்று அவனை அறைக்குள் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். இம்முறை உண்மையைச் சொல்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறான்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் அக்காள்